நிற்கின்ற சுவர்களின் பாடம்

சித்திரை மாதத்து நண்பகல். திருவண்ணாமலையின் தேரடி வீதியில் வெயில் கண்களைக் கூசச் செய்கிறது. காலணிகளைக் கழற்றிவிட்டவர்கள் சுடும் தரையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். கீழைக் கோபுரத்தின் வாயிலுக்குள் நுழைந்ததும் அவர்களுடைய நடை தளர்கிறது. சிலர் அங்கேயே சற்று நின்று முகத்தைத் துடைத்துக் கொள்கிறார்கள். 217 அடி உயரமுள்ள அக்கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல்லால் ஆனது. மேல் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்து வைத்த கட்டடம் அது. பருத்த கற்சுவர்கள் வெயிலைத் தாங்கிக்கொள்ள, இருபுறமும் திறந்த வாயில் வழியே காற்று ஓடுகிறது. அந்தக் குளிர்ச்சிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

நாம் அங்கே வழிபடச் செல்பவர்கள் அல்லர். ஆயினும் ஒரு கட்டடம் தன்னுள் வருவோரை வெயிலினின்று எவ்வாறு காக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள மதம் ஒரு தடையன்று. அவ்வாயிலை விட்டு நகரின் புறத்தே சென்றால் வேறொரு காட்சியைக் காண்கிறோம். புதிதாக எழும் வணிகக் கட்டடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் முகப்பு முழுவதும் கண்ணாடி. கண்ணாடி வழியே வெயிலை உள்ளே அழைத்து, அதே வெப்பத்தை மின்சாரச் செலவில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன, பின்சுவரில் வரிசையாகத் தொங்கும் குளிர்சாதனப் பெட்டிகள். ஐந்நூறு ஆண்டுகளில் நம் பொறியியல் வளர்ந்ததா, எதையேனும் மறந்ததா என்ற ஐயம் எழாமல் இருப்பதில்லை.

இந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது திருவண்ணாமலை ஒரு மாவட்டத்தின் தலைநகரம் ஆயிற்று. திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்பதே அன்று அதற்கு இடப்பட்ட பெயர். மாவட்டம் ஒன்று பிறந்தால் ஆட்சியரகம், நீதிமன்றங்கள், கருவூலம், வங்கிகள், காப்பீட்டு அலுவலகங்கள் என்று ஒரு கட்டடக் கூட்டமே உடன் பிறக்கிறது. 2024-ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. இனியும் அலுவலகங்கள் பெருகும். அதே 2024-இல், டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு பங்கு புவி வெப்பத்தால் என்று அளந்து சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் கடலும் காற்றும் சூடேறச் சூடேறப் பெருமழைகள் மேலும் கனக்கும் என்பது அறிவியலார் ஒருமுகமாகக் கூறும் செய்தி. அந்தச் சூட்டுக்குக் கட்டடங்களின் பங்கு சிறியதன்று. ஆகவே இந்நகரில் எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, கட்டாமலே எவ்வளவு சமாளிப்பது என்ற கேள்விகள் பொறியாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

கட்டடத்தின் இரு கணக்குகள்

ஒரு கட்டடம் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவுக்கு இரண்டு கணக்குகள் உள்ளன. முதலாவது அன்றாடக் கணக்கு: விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், மின்தூக்கி ஆகியவை உண்ணும் மின்சாரம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே இதற்குக் காரணம். இந்தக் கணக்கு மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது கணக்கு கண்ணுக்குத் தெரியாதது. கட்டடம் எழும்பும் முன்பே சிமெண்டு ஆலையிலும் இரும்பாலையிலும் செங்கற் சூளையிலும் எரிந்து முடிந்த எரிபொருளின் கணக்கு அது. சிமெண்டின் கதை இதில் தனியானது. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை வரை சூடேற்றுகிறார்கள். எரிபொருளிலிருந்து எழும் புகை ஒருபுறம் இருக்க, அக்கல்லே உடைந்து தன்னுள் அடைபட்டிருந்த கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. நாம் கடையில் வாங்கும் 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு, அதன் வகையைப் பொறுத்து, 30 முதல் 40 கிலோ வரை கரியமில வாயு காற்றில் கலந்திருக்கும். உலகின் மொத்தக் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டினால் வருவது.

மின்சாரச் செலவை நாளை குறைத்துக் கொள்ளலாம். கூரையில் சூரியத் தகடுகளைப் பதிக்கலாம். ஆனால் கட்டும்போது செலவான கரியைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தச் செலவுக்கு நியாயம் செய்ய ஒரே வழி, கட்டிய கட்டடத்தை நீண்ட காலம் பயன்படுத்துவது. முப்பது ஆண்டுகளில் இடிக்கப்படும் கட்டடமும் நூற்றைம்பது ஆண்டு நிற்கும் கட்டடமும் தொடக்கத்தில் ஒரே அளவு கரியைச் செலவிட்டிருந்தால், ஆண்டுக் கணக்கில் முன்னது ஐந்து மடங்கு ஊதாரியாகிறது. இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் நாட்டு அலுவலகங்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற இடம் சென்னையின் வாலாஜா சாலை.

நவாபின் மாளிகை, அரசின் அலுவலகம்

திருவண்ணாமலைக்கும் அச்சாலைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துத் திருவண்ணாமலையில் போரிட்டனர். அன்று ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, அடுத்த ஆண்டளவில் சென்னைக் கடற்கரையோரம் சேப்பாக்கத்தில் தமக்கென ஓர் அரண்மனை எழுப்பினார். கலசு மகால், உமாயூன் மகால் என்ற இரு பெரும் பகுதிகள் கொண்டது அது. அவர் பெயரையே இன்று அச்சாலை தாங்கியிருக்கிறது.

1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தார். கடன்களை அடைப்பதற்காக ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசே வாங்கிக்கொண்டது. வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் அங்கே குடியேறின. கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசம் இரு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பிப் புதிய பகுதிகளையும் சேர்த்தார். இன்று கிண்டியில் இருக்கும் பொறியியற் கல்லூரி, 1920-இல் அங்குச் செல்லும்வரை பல ஆண்டுகள் கலசு மகாலில்தான் நடைபெற்றது. அணைகளும் பாலங்களும் கட்டிய பொறியாளர் தலைமுறைகள் அந்தப் பருத்த சுவர்களுக்குள் அமர்ந்து பாடம் படித்தன. ஓர் அரண்மனை இவ்வாறு கல்லூரியாகவும் அலுவலகமாகவும் ஆயிற்று.

அக்காலக் கட்டடங்களின் கூரை முறைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். தேக்கு உத்தரங்களைக் குறுக்கே வரிசையாக வைத்து, அவற்றின்மேல் சிறிய தட்டையான செங்கற்களைச் சாய்கோட்டில் நெருக்கமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக் கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கொண்டேயிருப்பார்கள். அக்கடுக்காய் நம் சவ்வாது மலையிலும் விளைவதுதான். கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாத கூரை அது. வெப்பம் அதைக் கடந்து கீழே இறங்கப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிடும்.

சுவரின் பருமனும் கூரையின் உயரமும் அகன்ற தாழ்வாரமும் பொறியாளர்களின் கணக்கிலேயே அடங்கியிருந்தன. சூடான காற்று மேலே எழும். உயரத்தில் உள்ள சிறு சாளரங்கள் வழியே வெளியேறும். தாழ்வாரம் வெயில் நேரே சுவரில் படாமல் தடுக்கும். பலகைச் சட்டங்கள் கொண்ட சன்னல்கள் வெளிச்சத்தையும் வெயிலையும் பிரித்து, முன்னதை மட்டும் உள்ளே விடும். கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பார்கள். இன்று பசுமைக் கட்டடப் பாடநூல்களில் புதிய பெயர்களோடு வரும் பல உத்திகள் இவையே.

பழமையை மெச்சும்போது அதன் நிழலையும் மறைக்கக் கூடாது. அதிகாரியின் தலைக்குமேல் அசைந்த துணிப் பங்காவின் கயிற்றை, தாழ்வாரத்தில் வெறுந்தரையில் அமர்ந்து ஓர் ஏழை நாள் முழுவதும் இழுத்துக் கொண்டிருந்தார். உள்ளிருந்தவரின் குளிர்ச்சி அவருடைய தோள்வலியால் வந்தது. தேக்குக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. சுண்ணாம்புக் காளவாய்களும் விறகைத் தின்று புகை கக்கின. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனாலும் அது முற்றிலும் தூய பொருள் என்று சொல்ல இயலாது. பழைய முறையை அப்படியே மீட்பது நம் நோக்கமன்று. அதில் எது அறிவு, எது அநீதி என்று பிரித்தறிவதே வேண்டியது.

மின்சாரமும் மின்விசிறியும் வந்தபோது பங்கா இழுப்பவர் விடுதலை பெற்றார், அது நன்மை. பின்னர்க் குளிர்சாதனம் வந்தபோது கட்டடமே வெயிலைத் தடுக்க வேண்டிய கடமையிலிருந்து விலகிக்கொண்டது. கூரை தாழ்ந்தது, சுவர் மெலிந்தது, தாழ்வாரம் மறைந்தது. பழைய மாளிகைகளைப் பராமரிப்பது வீண்செலவு என்ற எண்ணமும் வேரூன்றியது. சேப்பாக்கம் மாளிகைகள் சுற்றிலும் எழும்பிய 'எழிலகம்' முதலிய புதிய கட்டடங்களுக்கு நடுவே மங்கிப்போயின. உமாயூன் மகால் பயன்பாடின்றிப் பாழடைந்தது.

2012 சனவரி 16 அன்று கலசு மகாலில் பெருந்தீ மூண்டது. தீயை அணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். கூரைகள் சரிந்தன. இடித்துவிட்டுப் புதிய மாடிக் கட்டடம் எழுப்புவது எளிது என்று எவரும் எண்ணக்கூடிய நிலை. ஆனால் நிற்கின்ற சுவர்களை நிற்கவிட்டு, பொதுப்பணித் துறையே அம்மாளிகையை மீட்டமைத்தது. மறந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சாந்தும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் மீண்டும் உயிர் பெற்றன. அண்மை ஆண்டுகளில் உமாயூன் மகாலும் அவ்வாறே மீட்கப்பட்டது. இன்று கலசு மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகிறது. காற்றையும் நீரையும் மாசுபடுத்துவோர் மீதான வழக்குகளை விசாரிக்கும் மன்றம், இடிக்காமல் காக்கப்பட்ட 250 ஆண்டுப் பழைய சுவர்களுக்குள் அமர்ந்திருப்பது நல்ல பொருத்தம்.

சாலையின் மறுமுனை

வாலாஜா சாலையின் ஒரு முனையில் சேப்பாக்கம் இருக்க, அண்ணா சாலையைத் தொடும் மறுமுனையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே தமிழக அரசு புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் ஒன்றை எழுப்பியது. செருமானிய நாட்டுக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்று வரைந்த வடிவம். வட்ட வடிவ முற்றங்கள் வழியே வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும்படி, தொடக்கத்திலிருந்தே பசுமைக் கட்டடமாக எண்ணப்பட்டது அது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்து வைத்தார்.

அந்த இடம் வெறும் மனையாக இருந்ததன்று. நூற்றாண்டுகள் பழைமை வாய்ந்த அரசினர் மாளிகையும், 1952 முதல் சில ஆண்டுகள் சட்டமன்றம் கூடிய அரங்கமும் அங்கே இருந்தன. இராசாசி மண்டபம் மட்டும் தப்பியது; மற்றவை இடிக்கப்பட்டன. மரபுச் சின்ன ஆர்வலர்கள் அன்றே வருந்தினர். ஒரு பசுமைக் கட்டடத்தின் கணக்கேட்டில் முதல் வரியாக ஓர் இடிப்பு எழுதப்பட்டது.

2011 மே மாதத்தில் ஆட்சி மாறியது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பின. 1640-ஆம் ஆண்டுத் தொடக்கம் கொண்ட கோட்டை மீண்டும் ஆட்சியின் இருக்கையாயிற்று. புத்தம் புதிய வளாகம் வெறிச்சோடியது. அந்த ஆண்டே அதை மருத்துவமனையாக மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதே தோட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. கோப்புகளுக்காகக் கட்டிய கூடங்களில் இன்று நோயாளிகளின் படுக்கைகள் இருக்கின்றன.

எந்த முடிவு சரி, யார் செய்தது பிழை என்ற அரசியல் வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இவ்வரலாற்றின் பொறியியல் பாடம் வேறு. எவ்வளவு நுட்பமாகப் பசுமைக் கணக்குப் போட்டுக் கட்டினாலும், பயன்படுத்துவோர் இல்லையேல் அக்கணக்கு ஒரே நாளில் பொய்த்துவிடும். அக்கட்டடம் இடிபடாமல் மருத்துவமனையாக மாறியதால்தான் அதில் செலவான சிமெண்டும் இரும்பும் வீணாகாமல் தப்பின. உறுதியான தூண்கள், அகன்ற கூடங்கள், போதிய வெளிச்சம் ஆகியவை இருந்ததால் மாற்றம் இயன்றது. மறுமுனையில் நவாபின் மாளிகை கல்லூரியாகவும் அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் மாற முடிந்ததும் அதே காரணத்தால்தான். நாளை வரும் தலைமுறை வேறு பணிக்குப் பயன்படுத்த இடம் கொடுக்கும் கட்டடமே நீண்ட நாள் வாழும்.

புதிதாகக் கட்ட நேர்ந்தால்

எல்லாவற்றையும் பழைய கட்டடங்களிலேயே நடத்திவிட முடியாது. வளரும் ஊருக்குப் புதியவை வேண்டும். அவற்றைக் குறைந்த கரிச் செலவில் கட்டும் வழியையும் நம் நாடு தேடியிருக்கிறது. ஐதராபாத்தில் இந்தியத் தொழிற்கூட்டமைப்பின் சொரப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2004-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்து வைக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே பசுமைத் தரச் சான்றில் 'பிளாட்டினம்' என்ற உயர்ந்த நிலையைப் பெற்ற முதல் கட்டடம் அதுவே. நடு முற்றமும், காற்றை ஈர்த்துக் குளிர்விக்கும் கோபுரங்களும் அதில் உண்டு. நம் முன்னோரின் முற்றத்து வீடுகளையே அவை நினைவூட்டுகின்றன. 2007-இல் மத்திய அரசு பெரிய வணிகக் கட்டடங்களுக்கென எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பை வெளியிட்டது. அறைக் குளிர்சாதனங்கள் தொடக்கத்தில் 24 பாகையில் இயங்கும்படி 2020 முதல் அமைக்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அரசின் மதிப்பீடு.

இவையெல்லாம் பெரும்பாலும் அன்றாடக் கணக்கைக் குறைப்பவை. கட்டும் கணக்கையே குறைக்க முயன்றவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்த பின் இந்தியாவிலேயே தங்கி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். கட்டடத்துக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலின் விதியாக ஏற்றுக்கொண்டார். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டிய அலுவலக, நூலக வளாகம். பூச்சில்லாத செங்கற் சுவர்களில் சல்லடைபோல் துளைகள் விட்டு, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டார். செங்கற்களை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிஞ்சும். அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். மரங்களை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டினார். அதே நகரின் சிறீகாரியத்தில் உள்ள இயேசு சபையினரின் லயோலா வளாகத்தில் அவர் கட்டிய சிற்றாலயத்தில், நம் மக்கள் அந்தத் துளைச் சுவர்களின் மெல்லிய ஒளியில் திருப்பலி கண்டிருக்கிறார்கள்.

திருவண்ணாமலைக்கு இன்னும் அருகே ஆரோவில்லில், 1989 முதல் இயங்கும் மண் கட்டடக்கலை நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்துப் பொறியில் அழுத்திய கற்களைச் சூளையில் சுடாமலே பயன்படுத்தக் கற்பிக்கிறது. சென்னை, தில்லி ஐ.ஐ.டி. நிறுவனங்கள் சுவிட்சர்லாந்து நாட்டவரோடு சேர்ந்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டை ஆய்ந்து வளர்த்தன. வழக்கமான சிமெண்டைவிட அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை கரியமில வாயு குறையும்.

மேலை நாடுகளும் இப்போது இடிப்பதற்குமுன் இருமுறை எண்ணத் தொடங்கியுள்ளன. இலண்டன் மாநகரில் கிங்ஸ் கிராஸ் என்னும் பகுதி ஒரு காலத்தில் நிலக்கரியும் தானியமும் வந்திறங்கிய இரயில்வே முற்றம், பின்னர் பாழடைந்தது. 67 ஏக்கர் கொண்ட அப்பகுதியை மீட்டெடுத்தபோது 1852-இல் கட்டிய தானியக் களஞ்சியத்தை இடிக்கவில்லை. 2011 முதல் அது ஒரு கலைக் கல்லூரி. அதனைச் சுற்றியே புதிய அலுவலகங்கள் எழுந்தன. இடிப்பதில்லை என்பதையே கொள்கையாகக் கொண்டு, பழைய குடியிருப்புகளை விரிவாக்கித் தந்த ஆன் லக்காத்தோன், ழான் பிலிப் வசால் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவருக்கு 2021-இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. கட்டடக் கலையில் அதுவே உலகின் முதன்மையான பரிசு. புதிதாக எழுப்பியோரையே பெரும்பாலும் போற்றி வந்த உலகம், காத்தவர்களையும் போற்றத் தொடங்கியிருக்கிறது.

நம் ஊரில், நம் பங்கில்

இச்செய்திகளை நாம் அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டும் சொல்லிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. நம் பங்குகளைப் பார்ப்போம். பாட்டனார் காலத்தில் ஊர் மக்கள் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய குருக்கள் இல்லம். உயர்ந்த ஓட்டுக் கூரையுள்ள பழைய பள்ளிக்கூடம். தாழ்வாரம் சூழ்ந்த மடம். வெள்ளிவிழா, பொன்விழா என்று ஒரு காரணம் வந்ததும் அவற்றை இடித்துக் கான்கிரீட் கட்டடம் எழுப்புகிறோம். பெயர்ப்பலகையில் நன்கொடையாளர் பெயர்கள் மின்னுகின்றன. அடுத்த கோடையில் உள்ளே உட்கார முடியாமல் குளிர்சாதனத்துக்கு நிதி திரட்டுகிறோம். ஏழைப் பங்கு மக்களின் காணிக்கை மின்கட்டணமாகக் கரைகிறது.

பழைய கட்டடங்களில் குறைகள் இருப்பதை மறுப்பதற்கில்லை. மழை ஒழுகும், உத்தரத்தைக் கறையான் அரிக்கும், முதியோரும் உடல் ஊனமுற்றோரும் ஏறமுடியாத படிகள் இருக்கும். சில சுவர்கள் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை அகற்றத்தான் வேண்டும். கூட்டம் பெருகி இடம் போதாமற் போவதும் உண்டு. ஆனால் பல நேரங்களில் அக்குறைகள் முதுமையால் வந்தவை அல்ல, கவனிப்பாரின்மையால் வந்தவை. கூரை விளிம்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் விட்டது, மழைநீர்க் குழாயைத் துப்புரவு செய்யாதது, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசியது. இக்கடைசிப் பிழை பரவலானது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, சுவர் பொரிந்து உதிர்கிறது. பிறகு பழி பழைய சுவரின்மேல் விழுகிறது.

திருவண்ணாமலைக் கோபுரங்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது கல்லின் வலிமையால் மட்டும் அன்று. குறிப்பிட்ட கால இடைவெளியில் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கம் அந்தச் சமுதாயத்துக்கு இருக்கிறது. 2017 பிப்ரவரியிலும் அது நடந்தது. விரிசல் அடைக்கப்படுகிறது, செடி பிடுங்கப்படுகிறது, சுதை பழுது பார்க்கப்படுகிறது. பழுதுபார்த்தல் அங்கே ஒரு திருவிழா. நமக்கோ புதிதாக அடிக்கல் நாட்டுவது மட்டுமே திருவிழாவாக இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், எடுப்பதும் எறிவதுமான பழக்கத்தைக் கண்டித்தார். நெகிழிப் பைகளைப் பற்றி மட்டும் அதை நாம் பொருள்கொண்டுவிட்டோம். கட்டடங்களையும் அவ்வாறே எறிகிறோம் என்பதை உணரவில்லை. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 2008-இல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கத்துக் கூரையில் 2,400 சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. அரங்கத்தை இடித்துப் புதிய பசுமை அரங்கம் கட்டவில்லை. இருந்த கூரையையே மின்சாரம் விளைவிக்கும் நிலமாக்கினார்கள்.

அதையே நாமும் செய்யலாம். நிற்கும் கட்டடத்தின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, மேற்குச் சுவருக்கு நிழல் தர வேப்பமரம் வைப்பது, அடைத்துவிட்ட சாளரங்களைத் திறப்பது, 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு இன்றும் இயங்குகிறதா என்று பார்ப்பது ஆகியவை பெருஞ்செலவு இழுப்பவை அல்ல. கட்டாயமாக இடிக்க நேர்ந்தால், பழைய செங்கல்லையும் தேக்கையும் ஓட்டையும் குப்பையில் கொட்டாமல் புதியதிலேயே பயன்படுத்தலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் மாவட்டங்களில் அருகி வருகிறார்கள். அவர்களுக்கு நாம் வேலை கொடுத்தால் அவர்களுடைய பிள்ளைகள் அத்தொழிலைக் கற்பார்கள். கொடாவிட்டால் அந்த அறிவு அவர்களோடு அடக்கம் செய்யப்படும்.

ஆகவே வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் பழைய கட்டடத்தை இடிக்கும் தீர்மானம் வந்தால், கையொப்பம் இடும்முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரையும், அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரையும் அழைத்து வந்து, அச்சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபின் தீர்மானத்தை எழுதலாம்.